கிருமிநாசினியிற் சேரும் சைலீன்

கமக்காரர்களே! நீரிற் கலந்தவுடன் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினியை நெல்லுக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் தெளித்திருப்பீர்கள். அதிலுள்ள நஞ்சு நீரிற் கரையாதது. ஆகவே அதனை முதலில் ஒரு கரைப்பானிற் கரைத்து, நீருடன் கலக்கச் செய்யும் பொருளொன்றையும் சேர்க்கிறார்கள். அத்தகைய கரைப்பான்களுள் சைலீன் ஒன்றாகும்.

சைலீன் நிறமற்றது, மணமுடையது, நீரிலும் இலேசானது. பெற்றோலியத்திலிருந்தும் நிலக்கரித் தாரிலிருந்தும் பெறப்படுகிறது. வர்ணப்பூச்சு, அச்சு மை, றப்பர், தோல் ஆகிய தொழில்களிற் பயன்படுகிறது. அதன் ஒருவகை பொலியெஸ்ரர் நூலுக்கு மூலப்பொருளாகும்.

தூய சைலீனின் ஆவி 27 முதல் 32 பாகை சதம வெப்பத்திலேயே பொறிபட்டால் தீப்பற்றும். சிறுபோகக் காலத்தில் திரியாய் வயல்களின் பகல்வெப்பம் இவ்வளவையும் கடப்பதுண்டு. அவ்வாவி காற்றினும் பாரமானதாதலின் நிலத்தோடு பரவும். எனவே, மருந்து கலக்குமிடத்திற் பீடியோ சுருட்டோ பற்றவைத்தல் ஆகாது. மூடிய கொட்டிலினுள் கலந்தால் தலையிடியும் தலைச்சுற்றும் உண்டாகும். சைலீன் பட்டால் சாதாரண றப்பர்க் கையுறை ஊறிப் பருத்துவிடும். நைத்திரைல் கையுறை அதனினும் நன்று. கடும் வெயிலில் தெளித்தால் பயிரின் இலை கருகவுங்கூடும்.

அடைபட்ட தெளிமுனையை வாயால் ஊதாதீர்கள். மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தோலிற் பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். எவரேனும் விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. திரவம் சுவாசப்பைக்குட் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். தாமதியாது 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்சை அழைத்து, மருந்துப் போத்தலையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.