காற்று வாங்கப் போன ஆர்.எக்ஸ்.!

சிவகாசிக்காரனுக்கு 'டப்... டப்' சத்தம் ஒன்றும் புதுசில்லை. ஆனால், அது நம்ம பைக்கின் சைலன்ஸரிலிருந்து வந்தால்?

என்னுடையது யமஹா ஆர்.எக்ஸ். 100. 1996-லேயே உற்பத்தி நின்றுபோன 98 சி.சி. கிழம். 'இன்னும் சீறும்டா' என்று ஆபீஸ் நண்பன் உசுப்பிவிட, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிக் கடாசிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஓபன் ஃபில்டரை மாட்டினேன். சீறியது வாஸ்தவம், சத்தத்தில் மட்டும்! திருத்தங்கல் தாண்டுவதற்குள் முக்கல், முனகல். ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் இன்ஜின் அடங்க மறுத்தது.

மெக்கானிக் அண்ணன் ஓட்டிப் பார்த்தார். திணறும்போது சோக்கை லேசாக இழுத்தார். வண்டி சொன்னபடி கேட்டது! "பாத்தீகளா தம்பி? பெட்ரோல் பத்தலைங்குது." பிளக்கைக் கழற்றினார். காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று போதும். பெட்டி போனதும் காற்று எக்கச்சக்கம். ஜெட்டோ பழைய அளவு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைக் குளிர வைப்பதும் உள்ளே வரும் பெட்ரோல்தான். அது குறைந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். அல்லது நடுரோட்டில் இறுகி, பின்சக்கரத்தைப் பூட்டும். பின்னால் லாரி வந்தால்... வேண்டாம், விடுங்கள்!

"பெரிய ஜெட் போட்டா சரியாயிடுமாண்ணே?"

"இருங்க." கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரில் விரலால் ஆயிலைத் தடவினார். அலறிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று தணிந்தது. மயிரிழை வெடிப்பு! ஃபில்டர் மாட்டுகிற அவசரத்தில் முறுக்கித் தொலைத்தது நானேதான்.

புது ரப்பர், பழைய பெட்டி. கூம்பை அந்த நண்பனுக்கே பரிசளித்துவிட்டேன். அவனிடம் இருப்பது சைக்கிள்!