மதகுக்கு மூடியாகக் கிடந்த டிராகன் கல்! சீன மன்னர் தந்த 10 ஜாடிகள் போன இடம் எங்கே?

பழனி மலை ஏறுகிறவர்களுக்கு போகர் கதை தெரியும். நவபாஷாணத்தில் தண்டாயுதபாணி சிலை செய்த சித்தர், சீன தேசம் போய் வந்தவர் என்பார்கள். மலைக்கோவிலிலேயே அவர் சமாதியும் இருக்கிறது.

அது பக்தர்களின் நம்பிக்கை. ஆனால் சீனாவில் இருந்து நம் பக்கத்துத் தெய்வத்துக்குக் காணிக்கை வந்ததற்கு கல்லிலேயே "ரசீது" இருக்கிறது! அதன் விவரம் வருமாறு:-

ரோட்டில் கிடைத்தது

1911-ம் ஆண்டு. இலங்கையில் காலி நகரம். ரோட்டு மதகு ஒன்றுக்கு மூடியாக ஒரு பலகைக் கல் கிடந்தது. என்ஜினீயர் ஒருவர் கண்ணில் பட்டது. புரட்டினால், மேலே இரண்டு டிராகன்கள் எதிரும் புதிருமாக! கீழே சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி எழுத்து.

1409-ம் ஆண்டு தேதியிட்ட கல் அது. மிங் வம்சத்து யோங்லே மன்னருக்காக, கடற்படைத் தளபதி செங் ஹோ கப்பலில் கொண்டு வந்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை!

அடேயப்பா பட்டியல்

சீன எழுத்தில் உள்ள கணக்கு இது: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, ஏறக்குறைய ஒன்றரை டன் வாசனை எண்ணெய், பழங்கால வெண்கலத் தூபக்கால் 5, பழங்கால வெண்கலப் பூஜாடி 5 ஜோடி. ஜாடிக்கு வைக்கும் பீடம் வரை விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1588-ல் போர்ச்சுக்கீசியர் தெனாவரைக் கோவிலைச் சூறையாடி இடித்துத் தள்ளினார்கள். கோவில் சொத்து அம்போ! கல் மட்டும் தப்பியது. இப்போது கொழும்பு மியூசியத்தில் இருக்கிறது.

ரசீது இருந்தால் என்ன லாபம்?

நம்ம அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரைக் கேளுங்கள். திருடு போன அந்தச் சிலையை 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் விலைக்கு வாங்கிவிட்டது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய போட்டோதான் குட்டை உடைத்தது. 2014-ல் நடராஜர் நாடு திரும்பினார்.

போட்டோ இல்லாவிட்டால்? "இது உங்க ஊர் சாமிதான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டிருப்பார்கள். பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.

பெரிய சிலைக்கே இந்தக் கதி என்றால், மூலையில் கிடக்கும் தூபக்கால், குத்துவிளக்கு, சொம்புக்கு யார் சாட்சி? உங்கள் தெருக் கோவிலில் அவை எத்தனை இருக்கின்றன? எந்த நோட்டில் எழுதி இருக்கிறது? தர்மகர்த்தாவை இன்றே கேட்டு வையுங்கள்.