இருமுறை பறிப்பதா?

வேலை போயிற்று, சம்பளம் நின்றது, அடுப்பில் உலை ஏறவில்லை. அந்த வேளையில் வீடு தேடி வருகிறது வரி பாக்கி நோட்டீஸ்! எதை எடுத்துக் கட்டுவான் தொழிலாளி?

2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானக் கம்பெனி முடங்கியதே, நினைவிருக்கிறதா தோழர்களே? ஊழியர் சம்பளத்தில் வரி பிடித்தார்கள். பிடித்ததைச் சர்க்காருக்குக் கட்டவில்லை. முதலாளி விஜய் மல்லையா 2016 மார்ச்சில் நாட்டைவிட்டே போனார். மாதக்கணக்கில் சம்பளம் காணாத ஊழியர் தலையில் வரி பாக்கி!

இது நியாயமா? சட்டமே இல்லை என்றது! சம்பளத்தில் பிடித்த வரியை அந்த ஊழியரிடமே மீண்டும் கேட்கக் கூடாது என்றது, 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆவது பிரிவு. அதையே 2015 ஜூனில் மத்திய நேரடி வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு எழுதிற்று; 2016 மார்ச்சில் மறுபடியும் எழுதிற்று. ஏன் மறுபடியும்? நோட்டீஸ்கள் நின்றபாடில்லை!

ஆகவே, வந்த நோட்டீசை மடித்துப் பரணில் போடாதீர்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். வரி பிடித்த கணக்கைக் காட்டிக் கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுங்கள். உண்மையிலேயே பாக்கி இருந்தால், வேலையிழந்ததைச் சொல்லித் தவணை கேளுங்கள். தவணை தர அதிகாரிக்கு உரிமை உண்டு. நாம் சும்மா இருக்கலாம், வட்டி சும்மா இராது!

தனி ஆளாய் அல்ல, சங்கத்தோடு செல்லுங்கள். பிடித்தவன் கட்டட்டும்! உழைத்தவன் ஒருமுறை கொடுத்துவிட்டான்!