இரைச்சல் போடும் சூரிய சக்தி இன்வெர்ட்டர்: விசிறியை நிறுத்தலாமா?

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே செம்மண் மேட்டில் அமைந்துள்ள ஊர் குயிலாப்பாளையம். மணிலாவும் முந்திரியும் சவுக்கும் விளையும் பூமி. 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில்லை ஒட்டிய ஊர் என்பதால், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பது இவ்வூராருக்குப் புதிய காட்சி அல்ல. மத்திய அரசு 2019-ல் கொண்டுவந்த பி.எம்.குசும் திட்டத்திற்குப் பிறகு, மானியத்தில் சூரிய சக்தி பம்பு செட் அமைப்பது சிறு விவசாயிக்கும் எட்டக்கூடியதாகி இருக்கிறது. வீட்டில் பாட்டரியுடன் சூரிய சக்தி இன்வெர்ட்டர் வைத்துக்கொள்வோரும் உண்டு.

இவற்றை வைத்திருப்போர் பொதுவாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் சத்தமே இல்லாமல் இருந்த பெட்டி, ஓராண்டு ஈராண்டில் 'ஹோ'வென்று இரைகிறது. மோட்டார் கொட்டகையில் மதியம் கண்ணயர முடிவதில்லை. வீட்டில் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. பிள்ளைகளுக்குப் பாடம் ஓடவில்லை. இதற்காகச் சிலர் விசிறியின் வயரைக் கழற்றிவிடுகிறார்கள். சிலர் பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்துகிறார்கள். இரண்டும் ஆபத்தான காரியம். இரைச்சல் ஒரு நோய் அன்று, நோயின் அறிகுறி. உள்ளே சூடு தங்குகிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். சூட்டைக் குறைத்தால் பல கருவிகளில் விசிறி தானாகவே வேகம் குறைந்து அடங்கும்.

எவ்வளவு சூடு?

5 குதிரைத்திறன் மோட்டாரை ஓட்டும் கண்ட்ரோலர் நல்ல வெயிலில் ஏறத்தாழ 4,000 வாட் மின்சாரத்தைக் கையாள்கிறது. பேனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றும்போது நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வெப்பமாக வீணாகிறது. அதாவது 120 முதல் 200 வாட். பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டு மூன்றைச் சிறு பெட்டிக்குள் நாள் முழுவதும் எரியவிட்டால் எப்படியோ, அப்படி. இந்த வெப்பத்தை அலுமினியத் தகடுகளின் வழியே வெளியே தள்ளுவதுதான் விசிறியின் வேலை.

வெப்பம் வெளியேறாவிட்டால் கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். பல கருவிகளில் சுற்றுப்புறச் சூடு 45 அல்லது 50 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினாலே இது நிகழும். உச்சி வெயிலில் தண்ணீர் அதிகமாகக் கொட்டவேண்டிய நேரத்தில் குழாயில் நீர் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். விவசாயி பேனலைக் குறை சொல்வார், கிணற்றைக் குறை சொல்வார். கொட்டகைச் சுவரில் தொங்கும் பெட்டியை நினைக்கமாட்டார். மணிலாவில் விழுது இறங்கும் சமயத்தில் இப்படி நீர் குறைந்தால் நட்டம் யாருக்கு? மேலும், உள்ளே இருக்கும் கண்டென்சர்களின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். விசிறியை நிறுத்தித் தூங்கிய சுகத்திற்கு முழுப் பெட்டியையும் விலையாகக் கொடுக்க நேரிடும்.

உப்பும் செம்மண்ணும்

கடலோரத்தில் இந்தத் தொல்லை அதிகம். காரணத்தை உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் கசப்பான மக்னீசியம் குளோரைடோ இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். கடற்காற்றில் மிதந்து வரும் நுண்ணிய உப்புத்தூள் விசிறியின் இறக்கையில் படிகிறது. இரவில் அது ஈரமாகிச் செம்மண் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது; பகலில் காய்ந்து கெட்டியாகிறது. நாளடைவில் ஒரு இறக்கை கனத்தும் மற்றொன்று இலேசாகவும் ஆகிவிட, விசிறி ஆட்டம் காண்கிறது. உப்புநீர் பேரிங்கிற்குள் புகுந்தால் கிரீஸ் கெட்டுத் துருவும் ஏறும். பிறகு 'கரகர' சத்தம்தான்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய கொட்டகைக்கு உப்பு முதல் எதிரி. மேட்டில் இருக்கும் குயிலாப்பாளையத்தில் உப்பு சற்றுக் குறைவு, புழுதி அதிகம். குஜராத்தில் சிறிய கட்ச் ரண் பகுதியின் அகரியா உப்புத் தொழிலாளர்களில் பலர் டீசல் எஞ்சினை விட்டுச் சூரிய சக்தி பம்புக்கு மாறியிருக்கிறார்கள். டீசல் எஞ்சினோடு ஒப்பிட்டால் இன்வெர்ட்டரின் இரைச்சல் ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் டீசல் எஞ்சினை யாரும் படுக்கை அறைச் சுவரில் மாட்டுவதில்லை.

சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்

மாட்டின் செருமலை வைத்தே நோயைச் சொல்பவர் விவசாயி. பெட்டியின் சத்தத்தையும் அப்படிப் பிரித்தறியலாம். 'ஹோ' என்ற காற்றின் இரைச்சல் மட்டும் வந்தால் பேரிங் நன்றாக இருக்கிறது. சூடு மிகுந்தோ காற்றுத் துளை அடைபட்டோ இருப்பதால் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. 'கரகர' அல்லது 'கிறீச்' என்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. 'டட டட' என்று எதிலோ தட்டினால் வயரோ சவுக்குச் சருகோ குளவிக் கூட்டின் மண்ணோ இறக்கையில் இடிக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தை உள்ளங்கையால் இலேசாக அழுத்தும்போது சத்தம் மாறினால் குற்றம் விசிறியில் இல்லை; மாட்டிய திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது தகரச் சுவர் அதிர்ந்து முழங்குகிறது. விசிறி நின்ற பிறகும் கேட்கும் மெல்லிய 'ங்ஙீ' ஓசை உள்ளிருக்கும் சுருள்களிலிருந்து வருவது. அது சீராக இருக்கும்வரை கவலை வேண்டாம்.

எங்கே மாட்டுவது?

பாதிக் குறை இடத் தேர்விலேயே தீரும். தகரக் கொட்டகையில் தகரத்தின் மீதே மாட்டக் கூடாது. தகரம் தவில் தோலைப் போல ஒலியைப் பெருக்கும். கனமான செங்கல் சுவரில், திருகுகளுக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்து மாட்டுவது நலம். கருவியைத் தாங்கும் திருகு ரப்பரால் தளர்ந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். பெட்டியின் மேலும் கீழும் பக்கங்களிலும் ஒரு அடிக்குக் குறையாமல் இடம் விடவேண்டும்; கருவியோடு வந்த கையேடு அதிகம் கேட்டால் அதன்படியே விடவேண்டும். பாட்டரிக்கு நேர் மேலே மாட்டினால் அமில ஆவி பெட்டியை அரிக்கும்.

மேற்குச் சுவர் மாலை வெயிலில் கொதிக்கும். கிழக்குச் சுவரில் கடற்காற்று நேராக அடிக்கும். ஆகவே வடக்குச் சுவரே ஏற்றது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இப்பகுதியில் சித்திரை பத்து தேதிக்கு மேல் ஆவணி பிறக்கும்வரை உச்சிச் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். கத்திரி வெயில் வடக்குச் சுவரிலும் விழும் என்பதால் இரண்டடி தாழ்வாரம் அவசியம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலின் மழையைப் பார்த்தவர்கள், பெட்டியைத் தரையோடு தாழ்வாக மாட்டமாட்டார்கள்.

கொட்டகைக்குள் மாட்டியிருந்தால், ஒரு சுவரில் தாழ்வாகவும் எதிர்ச் சுவரில் கூரையை ஒட்டி உயரமாகவும் காற்று வழி விடவேண்டும். இல்லாவிட்டால் விசிறி அதே சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். கூரைக்கு வெளிப்புறம் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த நல்ல உபாயம். வீடு பக்கத்தில் இருந்தால், பெட்டிக்கும் சன்னலுக்கும் இடையே இரண்டடி தள்ளி ஒரு சிறு செங்கல் மறைப்பு கட்டலாம். விசிறி சன்னலிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலே ஓசை வெகுவாகக் குறையும். காற்று மட்டும் தடைப்படக் கூடாது.

பல்லி, குளவி புகாதிருக்கச் சிலர் கொசுவலையைக் காற்றுத் துளையின் மேலேயே ஒட்டுகிறார்கள். வலை துளையின் பரப்பில் பெரும் பங்கை அடைத்துவிடும், தூசி படிந்ததும் முழுவதும் அடைபடும், இரைச்சல் கூடும். துளையைப் போல் மூன்று மடங்கு பரப்புள்ள சட்டத்தில் வலையைக் கட்டி, துளையிலிருந்து சற்று விலக்கி வைக்கவேண்டும்.

சுத்தம் செய்தல்

பொழுது சாய்ந்த பிறகே செய்யவேண்டும். வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் கம்பிகளில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் இருக்கும். கீழே சுவிட்சை அணைத்தாலும் பேனல் அணையாது. எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பத்து நிமிடமாவது பொறுத்து, வெளிப்புறத் துளைகளையும் தகடுகளையும் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைக்கவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. சைக்கிள் பம்பால் ஊதுவோர், இறக்கை சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளவேண்டும். வேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும். உப்பு வாரும் மாதங்களில் மாதம் ஒரு முறையும், மற்ற மாதங்களில் இரு மாதத்திற்கு ஒரு முறையும் செய்தால் போதும். தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் சத்தம் அடங்கும். பிறகு தூசி ஒட்டி முன்னிலும் மோசமாகும்.

விசிறியை மாற்றும்போது

பேரிங் போனால் விசிறியை மாற்றுவதே சரி. அதே அளவு, அதே வோல்ட், அதே காற்றளவு உள்ளதாகப் பார்த்து, பால் பேரிங் உள்ளதை வாங்கவேண்டும். காற்று வீசும் திசையைக் காட்டும் அம்புக்குறி பழையதைப் போலவே இருக்கவேண்டும். பழைய விசிறியில் மூன்று வயர் இருந்தால் மூன்றாவது வயர் வேகத்தைத் தெரிவிப்பது. இரண்டு வயர் விசிறியைப் போட்டால் சில கருவிகள் பழுது காட்டி நின்றுவிடும்.

'வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்' என்று ரெசிஸ்டர் வைத்துத் தருவோர் உண்டு. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் ஒலி சுமார் 5 டெசிபல் குறையும் என்பது உண்மையே. காற்றும் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பெரிய இறக்கையை மெதுவாக ஓட்டினால் சத்தமில்லாமல் அதே காற்றைத் தரும். ஆனால் அது பெட்டியை வடிவமைக்கும்போது செய்யவேண்டியது. புதிதாக வாங்குவோர் விசிறியே இல்லாத, பெரிய அலுமினியத் தகடு கொண்ட சிறு இன்வெர்ட்டர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டு இன்வெர்ட்டர் இரவில் இரைந்தால், மின்தடைக்குப் பிறகு பாட்டரி அதிக கரண்டில் சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கவேண்டும். பல கருவிகளில் இதைக் குறைத்து வைக்க வசதி உண்டு. கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பகலிலேயே ஓட்டிக்கொள்ளலாம்.

பி.எம்.குசும் திட்டத்தில் அமைத்த பம்பு செட்டுகளை 5 ஆண்டுகள் பராமரிப்பது நிறுவிய கம்பெனியின் பொறுப்பு. அக்காலத்திற்குள் பெட்டியைத் தாமே திறந்தால் அந்த உரிமை போய்விடக்கூடும். 'கரகர' சத்தம் கேட்டதும் தேதியைக் குறித்துவைத்துக் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். பதில் வராவிட்டால் விழுப்புரம் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் புகாரின் நகலுடன் முறையிடலாம்.