உள்ளத்தை ஆளும் பயிற்சி

தன்னடக்கம் என்பது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பொங்கிவரும் சினத்தை விழுங்கிவிட்டால் அடக்கமுடையவர் என்ற பெயர் கிடைத்துவிடும். ஆனால் விழுங்கிய சினம் செரித்துவிடுகிறதா? இக்கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடையை ஒருவரது வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம். அவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். சென்னை லயோலாக் கல்லூரி தாங்கி நிற்பது அவர் பிறந்த இடத்தின் பெயரே.

ஸ்பெயின் நாட்டின் வடபால் பாஸ்க்குப் பகுதியில், உயர்குடி ஒன்றில் 1491-இல் அவர் பிறந்தார். இளமையில் போர்ப்புகழும் பகட்டுமே அவருக்குப் பெரியனவாய்த் தோன்றின. 1521-இல் பிரெஞ்சுப் படை பாம்ப்லோனாக் கோட்டையைத் தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவரது காலை முறித்தது. கோணலாகக் கூடிய எலும்பை மருத்துவர் மீண்டும் முறித்துப் பொருத்தினர். அப்போது அவர் கைகளை இறுக மூடிக்கொண்டாரேயன்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பின்னும் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து நின்றது. அழகிய காலணி அணிய இயலாதே என்று வருந்தி, அதனையும் அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவ்வலியையும் பொறுத்தார்.

வலியை அடக்கும் வன்மை அவரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வன்மை முழுவதும் செருக்குக்கே ஊழியம் செய்தது.

நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர் வரலாறுகளையும் படித்து, அவர் மனம் மாறினார். 1522-இல் மொன்செராத் திருத்தலத்தை நோக்கிக் கோவேறு கழுதை மீது புறப்பட்டார். வழியில் மூர் இனத்து இஸ்லாமியர் ஒருவர் உடன் வந்தார். கன்னி மரியாளைக் குறித்து இருவர்க்கும் வாதம் மூண்டது. அம்மனிதர் விரைந்து முன்னே சென்றுவிட்டார். இஞ்ஞாசியாரின் உள்ளமோ கொதித்தது. பின்தொடர்ந்து கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா? முடிவு காண இயலாமல், வழி பிரியுமிடத்தில் கடிவாளத்தைத் தளரவிட்டு, தீர்ப்பைக் கழுதையிடமே ஒப்படைத்தார். அது வேறு வழியில் திரும்பியது. ஓர் உயிர் தப்பியது. முதுமையில் தம் தோழர் ஒருவரிடம் இதனை அவரே எடுத்துரைத்தார். பக்தி வந்திருந்தது, பக்குவம் இன்னும் வரவில்லை.

அப்பக்குவம் எவ்வாறு வந்தது? படுக்கையில் கிடந்தபோதே அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். போர்ப்புகழைக் கற்பனை செய்தால் முதலில் இன்பம் தோன்றும்; பின்னர் உள்ளம் வறண்டுபோகும். புனிதரைப் பின்பற்ற எண்ணினாலோ மகிழ்ச்சி நிலைத்து நிற்கும். எழுகின்ற உணர்ச்சிக்கு அடிபணியாமலும், அதனை நசுக்காமலும், அது எங்கிருந்து வருகிறது, நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று நோக்குவதே அவர் கண்ட முதற்பாடம். மன்ரேசாவில் தங்கிய மாதங்களில் கடும் நோன்பும் குற்றவுணர்வும் அவரை வாட்டின. இவ்வனுபவங்களிலிருந்து உருவான ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்கு 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார்.

அந்நூல் கூறும் நாள்தோறுமான ஆத்தும சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. இறைவனுக்கு நன்றி கூறல், தன்னை அறிய அருள் வேண்டல், அன்றைய நாளை மணிக்கு மணி ஆராய்தல், மன்னிப்புக் கேட்டல், திருந்த உறுதி கொள்ளல் என்பன அவை. நன்றியே முதற்படி என்பது கருதத்தக்கது. அன்பு செய்யப்பட்டவன் என்று உணர்ந்தவனே தன் குற்றத்தை அஞ்சாமல் நோக்க இயலும்.

மற்றொரு முறையும் உண்டு. ஒரே ஒரு குற்றத்தைத் தேர்ந்துகொண்டு, அதனைத் தவிர்ப்பதாகக் காலையில் உறுதி கொள்ள வேண்டும். தவறும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்து வருந்த வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள். நண்பகலில் ஒன்றிலும் இரவில் மற்றொன்றிலும், தவறிய தடவைக்கு ஒரு புள்ளியாக இட வேண்டும். நேற்றைய புள்ளிகளோடு இன்றையவற்றை ஒப்பிட்டால் வளர்ச்சி விளங்கும். வணிகர் பேரேட்டைப் போன்ற எளிய கணக்கு இது.

உள்ளம் சோர்ந்து இருண்ட வேளையில் முன்செய்த முடிவை மாற்றலாகாது என்பது அவர் வகுத்த விதி. சினத்திலும் துயரத்திலும் வேலையை உதறியோரும் உறவை முறித்தோரும் இதன் அருமையை அறிவர்.

இவையெல்லாம் வெறும் மனப்பயிற்சியல்ல. பவுல் அடிகள் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் தன்னடக்கத்தை ஆவியின் கனி என்கிறார். கனியைத் தடிகொண்டு அடித்துப் பழுக்க வைக்க இயலாது. நிலத்தைப் பண்படுத்துவது நம் பங்கு. கனிவிப்பது இறையருள் என்பதே கிறிஸ்தவக் கொள்கை. அன்று கடிவாளத்தைக் கழுதையிடம் விட்டவர், 1556-இல் ரோமில் மறைந்தபோது, அமைதியாகத் தேர்ந்து தெளியும் முறையைப் பலர்க்குக் கற்பித்திருந்தார். இன்றிரவு உறங்குமுன், கழிந்த பகலை நன்றியோடு ஒருமுறை திரும்பி நோக்கினால், நாமும் அப்பயிற்சியைத் தொடங்கியவராவோம்.