துண்டுக்குள் ஒரு விலை! பலகையில் ஒரு விலை!

பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு நீங்கள் போனதுண்டா? செவ்வாயும் வியாழனும் அங்கே சந்தை கூடும். தமிழ்நாட்டின் பெரிய மாட்டுச் சந்தைகளில் அதுவும் ஒன்று. கேரளத்தில் இருந்தும் வியாபாரிகள் வருவார்கள்.

அங்கே ஒரு வேடிக்கை பார்க்கலாம். இரண்டு பேர் கைகோத்து நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு கிடக்கும். வாய் பேசாது. விரல்தான் பேசும்!

துண்டுக்குள் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தாரோ, அதுதான் அவர் கேட்கும் விலை. "கட்டாது" என்று மற்றவர் தலையை ஆட்டுவார். மறுபடியும் விரல் பிடிப்பார்கள். பேரம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது!

தரகருக்கு இது கைவந்த கலை. ஆனால், நிலவரம் தெரியாத விவசாயிக்கு? பக்கத்து மாடு என்ன விலைக்குப் போனது என்று தெரிந்தால்தானே, தன் மாட்டுக்கு அவர் விலை சொல்ல முடியும்!

உழவர் சந்தை

காய்கறிக்கு இந்தத் தொல்லை இல்லாத சந்தை ஒன்று உண்டு. அதுதான் உழவர் சந்தை. 1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை தொடங்கியது. அப்போது முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதி அதைத் தொடங்கி வைத்தார். பிறகு பல ஊர்களுக்கும் பரவியது.

இங்கே தரகர் கிடையாது. விளைவித்தவரே விற்க வேண்டும். அதற்காக விவசாயிக்குப் படத்துடன் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை இல்லை. தராசும் இலவசம்.

மொத்த விலை என்ன, வெளிக்கடை விலை என்ன என்று அதிகாரிகள் விசாரிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை வைப்பார்கள். அதைப் பலகையில் எழுதிப் போடுவார்கள்.

கத்தரிக்காய் கிலோ மொத்த விலை 20 ரூபாய், கடை விலை 30 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். சந்தை விலை 25 ரூபாய் என்றால், விவசாயிக்கு 5 ரூபாய் கூடுதல். வாங்குகிறவருக்கு 5 ரூபாய் மிச்சம்!

தாய்மார்களுக்கு...

காலையிலேயே போய்விடுங்கள். நல்ல காய் முதலில் தீர்ந்துவிடும். கூடையைப் பார்க்கும் முன் பலகையைப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். பலகை விலைக்கு மேல் யாராவது கேட்டால், சந்தை அலுவலகத்தில் சொல்லுங்கள். அதே போல, பலகை விலைக்குக் கீழே பேரம் பேசாதீர்கள். அது உழைத்தவர் கூலி.

துண்டுக்குள் மறைந்த விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். எழுதிப் போட்ட விலை ஊருக்கே தெரியும்!