உறைந்த ஏரியில் ஓர் இரவு

முன்னுரை

தண்ணீரின் மீது குடில் அமைத்துத் தங்கலாமா என்று வகுப்பறையில் கேட்டால் மாணவர்கள் நகைப்பார்கள். நிலையாமையைச் சொல்ல வேண்டும்போதெல்லாம் நீர்மேல் எழுத்தையும் நீர்க்குமிழியையும் எடுத்துக்காட்டும் மரபு நம்முடையது. ஆயினும் அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மின்னசோட்டா மாநிலத்தில், குளிர்காலந்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் ஏரியின் மீதே குடில் நிறுத்தி, அடுப்பு மூட்டி, உண்டு, உறங்கி, மீன் பிடித்துத் திரும்புகின்றனர். அவர்களுக்குக் கீழே சில அடி பனிக்கட்டி. அதற்குக் கீழே கரிய நீர். அந்த நீர் எவ்வாறு தரையாகிறது, அத்தரையை எந்த அளவிற்கு நம்பலாம் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொற்குறிப்பு இங்குத் தேவைப்படுகிறது. நம் மொழியில் ‘பனி’ என்னும் சொல் புல்நுனித் துளியையும் குறிக்கும். விடியற்காலை மூட்டத்தையும் குறிக்கும். இமயத்தில் பொழிவதையும் குறிக்கும். நம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கு அது போதுமானது. இக்கட்டுரையில் வானிலிருந்து பொழிவதை வெண்பனி என்றும், நீர் உறைந்து இறுகியதைப் பனிக்கட்டி என்றும் பிரித்து வழங்குவோம். இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் அந்த ஏரியில் கால் வைத்தல் ஆகாது என்பது பின்னர் விளங்கும்.

நீர் தரையாகும் விதம்

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். நீரும் ஓர் எல்லை வரை அவ்வாறே நடந்துகொள்கிறது. ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் அதன் அடர்த்தி உச்சத்தை அடைகிறது. அதற்கும் கீழே குளிர்ந்தால் மீண்டும் விரியத் தொடங்குகிறது. ஆகவே இலையுதிர்காலத்தில் மேற்பரப்பு நீர் குளிர்ந்து கனத்து அடியில் இறங்க, அடிநீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரியை எட்டியபின் இச்சுழற்சி நின்றுவிடுகிறது. அதற்குமேல் குளிரும் நீர் இலேசானதாகி மேலேயே தங்கி, 0 டிகிரியில் உறைகிறது. உறையும்போது பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுவதால் பனிக்கட்டி மிதக்கிறது.

இந்த ஒரு பண்பு இல்லையாயின் ஏரிகள் அடியிலிருந்து உறைந்து, மீனினம் வாழ வழியற்றுப் போயிருக்கும். மேலே உறைந்த மூடி கீழேயுள்ள நீரைக் காக்கிறது. வெளியே குளிர் எவ்வளவு கடுமையாக இருப்பினும் அடியில் உள்ள நீர் 4 டிகிரியை ஒட்டியே நிற்கும். மின்னசோட்டாவின் டவர் என்னும் ஊருக்கு அருகில் 1996 பிப்ரவரி 2ஆம் நாள் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 51 டிகிரி செல்சியசாக இறங்கியது. அத்தகைய நாளிலும் ஏரிகளின் அடியில் மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

வெண்பனியின் பங்கு இதற்கு நேர்மாறானது. அதனுள் காற்று மிகுதியாக அடைபட்டிருப்பதால் அது ஒரு கம்பளி போன்றது. ஏரி உறைந்த உடனே வெண்பனி மிகுதியாகப் பொழிந்தால், மேலுள்ள குளிர் கீழே எட்டாது. பனிக்கட்டி தடிப்பது தடைப்படும். பார்வைக்கு வெண்மையாகவும் உறுதியாகவும் தோன்றும் பரப்பின் கீழே மெல்லிய தகடுதான் இருக்கும். வெண்பனி நனைந்து உறைந்து உண்டாகும் வெண்ணிறப் பனிக்கட்டியின் வலிமை, தெளிந்த புதுப் பனிக்கட்டியின் வலிமையில் ஏறத்தாழப் பாதிதான். ஒருவர் நடந்து செல்வதற்குத் தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் இருத்தல் வேண்டும் என்று மின்னசோட்டா அரசின் இயற்கை வளத்துறை அறிவுறுத்துகிறது. வெண்ணிறமாயின் அவ்வளவை இருமடங்காக்குதல் வேண்டும்.

பழங்குடியினரின் இருட்டுக் குடில்

இவ்வழக்கம் இன்றைய பொழுதுபோக்காளர் கண்டுபிடித்ததன்று. அவ்வேரிகளைச் சூழ வாழும் ஒஜிப்வே பழங்குடி மக்கள் பனிக்கட்டியில் துளையிட்டு, அதன்மேல் ஒளி புகாதவாறு போர்வையை மூடி, உள்ளே குப்புறப் படுத்து ஈட்டியால் மீன் குத்தி வந்தனர். மேலே இருள் சூழ்ந்திருக்க, பனிக்கட்டியை ஊடுருவி வரும் பகலொளியால் கீழேயுள்ள நீர் ஒளிரும்; மீன் தெளிவாகத் தெரியும். மரத்தால் செதுக்கிய சிறு மீனை நூலில் கட்டி ஆட்டிப் பெரிய மீனை அருகே வரவழைப்பர். அன்று குளிர்காலப் பசியை அகற்றிய தொழில் இது. 1837இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அம்மக்களுக்கு உரிய மீன்பிடி உரிமை இன்றும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் மில் லாக்ஸ் என்னும் ஏரியை ஒட்டி வாழும் ஒஜிப்வே மக்களே என்பது குறிப்பிடத்தக்கது.

இரவில் ஏன் தங்குகிறார்கள்?

மில் லாக்ஸ் ஏரி ஏறத்தாழ 536 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் பெரும ஆழமோ ஏறத்தாழ 13 மீட்டர்தான். அங்குப் பெரிதும் விரும்பிப் பிடிக்கப்படுவது ‘வால்ஐ’ எனப்படும் மீன். பூனையின் கண்ணில் உள்ளது போன்று, ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இம்மீனின் விழித்திரைக்குப் பின்னால் அமைந்துள்ளது. ஆகவே மங்கிய ஒளியிலும் அது நன்றாகக் காணும். தன் இரையாகிய சிறு மீன்களுக்கு அத்திறன் இல்லை. அந்தி மயங்கும் வேளையிலும் விடியலுக்கு முன்னரும் அது மும்முரமாக இரை தேடுவதற்குக் காரணம் இதுவே. அங்கு டிசம்பர் இரவு 15 மணி நேரத்திற்கும் மேல் நீள்வது. அந்தியையும் விடியலையும் ஒருங்கே பெற விரும்புபவர் இடைப்பட்ட இரவை ஏரியிலேயே கழிக்கின்றனர்.

குடிலுக்குள் 8 அல்லது 10 அங்குல விட்டமுள்ள துளைகளைத் திருகு துளைப்பானால் இடுவர். துளையில் மிதக்கும் பனித்துகள்களை ஓட்டைக் கரண்டியால் அள்ளி எறிவர். தூண்டிற்கோல் இரண்டு மூன்று அடி நீளமே இருக்கும். எறிந்து வீச வேண்டிய தேவை அங்கு இல்லை. உறங்குபவருக்காகச் சுவரில் ஓர் உருளை பொருத்தப்படும். நூல் அதில் சுற்றியிருக்கும். உள்ளே சிறு மணிகள் இருக்கும். மீன் தூண்டிலைக் கவ்வி இழுத்தால் உருளை சுழன்று கலகலவென்று ஒலிக்கும். கண்விழித்தவர் படுக்கையிலிருந்து கை நீட்டி நூலைப் பற்றுவார்.

இரவில் கேட்கும் இன்னொரு ஒலி புதியவரை நடுங்கச் செய்வது. வெப்பநிலை மாறுந்தோறும் பனிக்கட்டி சுருங்கியும் விரிந்தும் வெடிக்கிறது. இடி உருள்வது போலவும், கம்பியைச் சுண்டியது போலவும் ஏரியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அவ்வொலி ஓடும். பனித்தகட்டின் வழியே உயர்ந்த சுருதி விரைவாகவும் தாழ்ந்த சுருதி மெதுவாகவும் செல்வதால், தொலைவிலுள்ளவர் செவிக்கு அது சீழ்க்கை போலக் கேட்கும். தடித்த பனிக்கட்டியில் இவ்வொலி இயல்பானது. அதனை மட்டும் கொண்டு தரை உடைகிறது என்று முடிவு செய்தல் கூடாது. அவ்வாறே, ஒலியற்ற அமைதியைப் பாதுகாப்பு என்று கொள்வதும் கூடாது.

மூவகை இடர்கள்

முதலாவது, உடைந்து விழுதல். குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அதனை அடக்கியாள வேண்டும். அதன்பின் கைகால்கள் பயன்படும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். உடல் உறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். ஆகவே முதல் 10 நிமிடமே உயிர்நாடி. கழுத்தில் தொங்கும் கூர்முனைகளைப் பனிக்கட்டியில் குத்தி, கால்களை உதைத்து மேலேறி, எழுந்து நில்லாமல் உருண்டு விலகுதல் வேண்டும். எத்திசையில் ஏறுவது? வந்த திசையில்தான். சற்றுமுன் நம்மைத் தாங்கியது அந்தப் பனிக்கட்டி அல்லவா!

இரண்டாவது, குடிலைச் சூடேற்றும் எரிவாயு அடுப்பு. காற்றோட்டம் இன்றேல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணைவது. உறங்குபவர் உறக்கத்திலேயே மடிகிறார். குளிருக்கு அஞ்சிக் காற்று புகும் வழிகளையெல்லாம் அடைப்பவர், குளிரினும் கொடியதை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்.

மூன்றாவது, காற்று. பெரிய ஏரியில் கரையிலிருந்து வீசும் காற்று பனித்தகட்டைப் பிளந்து, அதன்மேல் இருப்பவர்களோடு சேர்த்து உள்ளே தள்ளிச் செல்லும். 2009 பிப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் ஈரி ஏரியில் அவ்வாறு அகப்பட்ட 134 பேர் மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். அங்கு மீனவர்கள் விரிசலைக் கண்டும், மரப்பலகைகளைப் பாலமாக இட்டு அதனைக் கடந்து சென்றிருந்தனர். மின்னசோட்டாவின் மேல் ரெட் ஏரியில் 2022 நவம்பரில் ஏறத்தாழ 200 பேரும், 2023 டிசம்பரில் 122 பேரும் இதே முறையில் கரையினின்று பிரிக்கப்பட்டு மீட்கப்பட்டனர். ஒரே ஏரி; ஓர் ஆண்டு இடைவெளி. முந்திய நிகழ்ச்சி பலரும் அறிந்ததே. அறிதல் வேறு, அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் வேறு போலும்!

குறைந்துவரும் தரை

ஜப்பானிலுள்ள சுவா ஏரி உறையும் நாளை அங்குள்ள கோயில் குருமார் 1443 முதல் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வந்துள்ளனர். முன்பு பெரும்பாலான ஆண்டுகளில் உறைந்த அவ்வேரி, அண்மைப் பதிற்றாண்டுகளில் பல குளிர்காலங்களில் முழுமையாக உறையவே இல்லை. மின்னசோட்டாவில் பிரெய்னர்டு நகரத்தார் 1991 முதல் நடத்திவரும் பெரும் பனிமீன்பிடி விழா, 2024இல் போதிய பனிக்கட்டி இன்மையால் கைவிடப்பட்டது. புவி வெப்பமடைவதால் ஏரிகள் காலந்தாழ்ந்து உறைந்து, விரைந்து உருகுகின்றன. பாட்டன் நடந்த நாளில் அதே இடத்தில் பேரன் நடப்பது இடராகிறது. வழிவழி வந்த பட்டறிவு பொய்த்துப்போகும் காலம் இது.

முடிவுரை

அந்த ஏரியில் பலகாலம் பழகியவர் செய்வது ஒன்றுண்டு. கையில் இரும்புக் கடப்பாரை ஏந்தி, நடக்கும்போதே முன்னே பனிக்கட்டியைக் குத்திப் பார்ப்பார். இடையிடையே துளையிட்டு அளப்பார். நேற்று அளந்த இடத்தை இன்றும் அளப்பார். பத்தடி தள்ளி மீண்டும் அளப்பார். நீரூற்றோ நீரோட்டமோ உள்ள இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும் என்பதை அவர் அறிவார். முன்னே சென்றவரின் காலடித் தடம் அவருக்குச் சான்றாகாது. தடம் பதித்தவர் எந்நேரத்தில் சென்றார், எவ்வளவு பளுவோடு சென்றார் என்பதைத் தடம் சொல்லாது.

நம் மாணவர்களிற் பலர் நாளை குளிர்நாடுகளுக்குக் கற்கவும் பணிபுரியவும் செல்லக்கூடும். அங்கே உறைந்த ஏரியின் அழகு அவர்களை அழைக்கும், நண்பரும் அழைப்பர். செல்லலாம், காண வேண்டிய காட்சியே அது. ஆனால் ‘எல்லாரும் போகிறார்கள்’ என்பதைத் தரையாகக் கொண்டு காலெடுத்து வைத்தல் வேண்டா. எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். அளந்தவர் யார் என்றும், எப்போது அளந்தார் என்றும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கரையில் நிற்பதில் இழிவு ஏதும் இல்லை.